உடம்புக்கு ஏற்ற சைக்கிள்

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலையிலிருந்து வந்து இறங்கும் லாரி வெறும் எலும்புக்கூடாகத்தான் வருகிறது. எஞ்சின் உண்டு, சட்டம் உண்டு, சக்கரங்கள் உண்டு. மற்றவை எல்லாம் பட்டறையில்தான் பிறக்கின்றன. பட்டறைக்காரர் வண்டிக்கு உரியவரைப் பார்த்துக் கேட்கும் முதற் கேள்வி, "என்ன லோடு ஏத்தப் போறீங்க?" என்பதுதான். கோழிமுட்டை ஏற்றுகிறவருக்கு ஒரு விதமான பாடி; இரும்புக் கம்பி ஏற்றுகிறவருக்கு வேறு விதம். பக்கத்தில் திருச்செங்கோட்டுக்குப் போனால், அதே போன்ற சட்டத்தின் மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் இயந்திரத்தை ஏற்றி அனுப்புகிறார்கள். வந்தது வந்தபடியே லாரியை ஓட்டுவது என்ற நினைப்பே அந்தச் சீமையில் எவருக்கும் தோன்றுவதில்லை.

ஆனால் அதே சீமையில் நாம் சைக்கிளை மட்டும் கடையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஏறி மிதிக்கிறோம். முழங்கால் வலித்தால் வயதாகிவிட்டது என்கிறோம். முதுகு வலித்தால் சாலையைக் குறை சொல்கிறோம். கடைசியில் வண்டியைத் திண்ணையோரம் சாய்த்துவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறோம். நானும் அப்படி நின்றவன்தான். பழைய சைக்கிள் ஒன்றை நகரத்தில் அன்றாடம் சௌகரியமாக ஓட்டுவதற்கு ஏற்றபடி நான் எவ்வாறு திருத்தி அமைத்தேன், அதில் எங்கே தவறினேன், அந்தத் தவற்றுக்கு வேறொருத்தி எவ்வாறு விலை கொடுக்க நேர்ந்தது என்பதைச் சொல்லுகிறேன்.

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறது. என் தந்தையார் தறிக்காரர். நான் பிறப்பதற்கு முன்பே, 1962-ஆம் ஆண்டில், அவர் ஒரு சைக்கிள் வாங்கினார். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து நூல் கட்டுகளை ஏற்றி வருவதற்கு அவருக்கு அது வேண்டியிருந்தது. கறுப்பு நிறம், 22 அங்குலச் சட்டம், 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக், தோல் சீட், பின்னால் ஓர் ஆளே படுத்துறங்கலாம் போன்ற கேரியர்: எடை ஏறக்குறைய 20 கிலோ. நான் அதில்தான் சைக்கிள் பழகினேன். சீட்டில் உட்காரும் உயரம் இல்லாதபோது குறுக்குக் கம்பியின் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாக வளைத்து மிதித்துப் போவதைக் 'குரங்கு பெடல்' என்போம். 2024-இல் அந்தப் பெயரிலேயே ஒரு திரைப்படம் வந்தது. ஆகவே உங்களுக்கும் அந்தச் சொல் புதிதாக இராது. எங்கள் தலைமுறையில் முழங்காலில் அந்தத் தழும்பு இல்லாதவர்கள் சிலரே.

இந்த வகைச் சைக்கிளின் வரலாறு இங்கிலாந்தில் தொடங்குகிறது. கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885-இல் வெளியிட்ட 'ரோவர்' வண்டியே இன்றைய சைக்கிளுக்கெல்லாம் மூத்தது. முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒத்த அளவுள்ள சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் செயினும் அதில் அமைந்தன. சில ஆண்டுகள் கழித்து, பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். 1845-லேயே தாம்ஸன் என்பவர் இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அது வழக்கத்துக்கு வராமல் மறைந்து போயிருந்தது. நம் நாட்டுக்கு இத்தகைய வண்டிகள் முதலில் கப்பலில் வந்தன. பிறகு இங்கேயே செய்யத் தொடங்கினோம். சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் ஏற்பட்டது. யாழ்ப்பாணத் தமிழர்கள் இதனைத் துவிச்சக்கர வண்டி என்று மரியாதையாக அழைப்பார்கள். நமக்கு அது சைக்கிள்தான்.

பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் தந்தையாரின் சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். என் தங்கை கன்னங்குறிச்சியில் இருக்கிறாள். அவளுடைய மகள் பதினோராம் வகுப்பு மாணவி. அவளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வாரத்தில் நான்கு நாள் நான் போகவேண்டியிருந்தது. தூரம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் போகும்போது ஏற்றம். சேலத்தில் எந்தப் பக்கம் ஏற்றம், எந்தப் பக்கம் இறக்கம் என்று அறிய வரைபடம் தேவையில்லை. திருமணிமுத்தாறு வடக்கே சேர்வராயன் மலையில் பிறந்து, நகரின் ஊடே தெற்கே இறங்கி, நாமக்கல் சமவெளியைக் கடந்து காவிரியில் கலக்கிறது. தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசை ஏற்றம். கன்னங்குறிச்சி மலையை நோக்கி இருக்கிறது. ஒரு வாரத்தில் என் முழங்கால்கள் இரண்டும் வீங்கிவிட்டன.

எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் என்னைவிட இளையவர். நான் ஓட்டி வருவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணா, முழங்கால் நெஞ்சுல இடிக்கிற மாதிரி மிதிக்கிறீங்களே. அப்பா உயரம் வேற, உங்க உயரம் வேற இல்லீங்களா?" என்றார். தொழிற்பயிற்சிப் பள்ளியில் முப்பது ஆண்டு பணிமனை ஆசிரியனாக இருந்தவன் நான். அளந்து பார்க்காமல் எதையும் அறுக்காதே என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொன்னவன். என் காலை நான் அளந்து பார்த்ததில்லை.

சீட்டின் உயரமே முதலாவது. மற்றவை எல்லாம் அதற்குப் பின்புதான். சுவரில் முதுகைச் சாய்த்து, வெறுங்காலுடன் நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே இழுத்து வைத்துக்கொண்டு, அதன் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். எனக்கு 32 அங்குலம். 1967-இல் ஹேம்லி, தாமஸ் என்னும் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த அளவில் நூற்றுக்கு 109 பங்கு உயரத்தில் சீட் இருந்தால் மிதிக்கும் உழைப்பு நன்றாகப் பயன்படுகிறது என்று கண்டார்கள். பெடல் கீழே இருக்கும்போது பெடலின் மேற்பரப்பிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையில் உள்ள தூரம் அது. என் கணக்குப்படி ஏறத்தாழ 35 அங்குலம். வண்டியில் இருந்ததோ 32½. இரண்டரை அங்குலம் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து மிதிப்பவன், பாதி குந்தியபடி படியேறுகிறவனுக்கு ஒப்பானவன். முழங்கால் அதிகமாக மடங்கியிருக்கும்போதே அதன்மேல் பாரம் விழுகிறது.

அளவுநாடா இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம். யாரையேனும் வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிச் சீட்டில் நேராக உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கால் அப்போது மடங்காமல் நீண்டிருக்க வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள்; அப்பொழுது முழங்கால் சிறிதே மடங்கும். அதுதான் சரியான நிலை. இந்த உயரத்தில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்ற முடியாது. கால்விரல் நுனிதான் எட்டும். பலர் சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பதற்கு இந்தப் பயமே காரணம். வண்டி நிற்கும்போது சீட்டை விட்டு முன்பக்கம் நழுவி இறங்கப் பழகிக்கொண்டால் பயம் தீர்ந்துவிடும். ஒரே நாளில் முழு உயரத்துக்கும் போக வேண்டியதில்லை. வாரத்துக்கு அரை அங்குலம் போதும்.

சீட்டைப் பற்றி இன்னும் ஒரு சொல். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி சீட்டின் மேலேயே இறங்குகிறது. அதைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகள். பழைய தோல் சீட் தொட்டில்போல் இழுத்துக் கட்டப்பட்டது. நாளடைவில் அந்த எலும்புகளுக்கு ஏற்பக் குழிந்து கொடுக்கும். கீழே சுருள்வில்லும் உண்டு. அதன்மேல் தடித்த ஸ்பாஞ்சு உறை மாட்டுவது நம் ஊரில் நாகரிகம். முதல் பத்து நிமிஷம் மெத்தையாக இருக்கும். பிறகு எலும்புகள் ஸ்பாஞ்சுக்குள் அமிழ, நடுவிலுள்ள மெல்லிய தசையும் நரம்பும் நசுங்கி மரத்துப்போகும். நான் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, தோலைத் துடைத்து எண்ணெய் தடவி, தளர்ந்திருந்த இழுப்புத் திருகைச் சிறிது முறுக்கினேன். அந்தச் சீட் என் தந்தையாருக்குக் குழிந்தது. எனக்குப் பழக இரண்டு மாதம் ஆயிற்று.

சீட்டை உயர்த்தியதும் அடுத்த தொல்லை தலைகாட்டியது. ஹேண்டில் பார் தாழ்ந்துபோயிற்று. குனிந்து பிடித்ததில் உள்ளங்கையும் கழுத்தும் வலித்தன. நகரத்தில் ஓட்டுகிறவன் பஸ்ஸையும் ஆட்டோவையும் குறுக்கே ஓடும் பிள்ளைகளையும் தலைநிமிர்ந்து பார்க்கவேண்டும். ஆகவே கைப்பிடி சீட்டின் மட்டத்திலோ, ஓர் அங்குலம் தாழ்ந்தோ இருப்பது நலம். நான் கடைக்காரரிடம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே சாவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஹேண்டில் பாரின் தண்டு முன்போர்க்கின் குழாய்க்குள் இறங்கியிருக்கிறது. தண்டின் அடிமுனை பிளந்திருக்கும். அதற்குக் கீழே ஒரு கூம்பு. மேலேயிருந்து வரும் நீண்ட போல்ட்டை முறுக்கினால் கூம்பு மேலே ஏறி, பிளந்த முனையை விரித்துக் குழாயின் உட்சுவரோடு இறுக்கிப் பிடிக்கச் செய்கிறது. இந்தப் பிடிப்பு மட்டுமே நம்மையும் முன்சக்கரத்தையும் இணைத்திருக்கிறது. தண்டு குறைந்தது இரண்டரை அங்குலமாவது உள்ளே இருக்கவேண்டும் என்பது விதி. என் வண்டியில் ஒன்றரை அங்குலம் உயர்த்த இடமிருந்தது. எனக்கு இன்னும் நிமிர்ந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றிற்று. மூன்று அங்குலம் உயர்த்தினேன். உள்ளே எஞ்சியது ஓர் அங்குலம். போல்ட்டைப் பலமாக முறுக்கினேன், அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. பிரேக் கம்பிகளையும் அதற்கேற்ப நீட்டி முடித்து, என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

பதினோராம் நாள், கன்னங்குறிச்சியிலிருந்து இறக்கத்தில் திரும்பி வரும்போது, முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிற்று. ஹேண்டில் பார் என் கையோடு ஒரு பக்கம் திரும்பியது. சக்கரம் தன் வழியே நேராகப் போயிற்று. மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

என் வலியை நான் பெரிதாகச் சொல்லவில்லை. மறுநாள் பார்க்க வந்த தங்கை, "நீங்களே விழுந்துட்டீங்க அண்ணா. இனிமே இவளைச் சைக்கிள்ல அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை" என்றாள். அவள் மகளுக்குப் பள்ளியில் கிடைத்த மிதிவண்டி இருந்தது. தமிழ்நாட்டில் 2001-02-இல் ஒரு பகுதி மாணவியருக்காகத் தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்த திட்டத்தில் கிடைத்த வண்டி. அந்தப் பெண் அதில் ஏறித்தான் பள்ளிக்குப் போவாள். மாலையில் நூலகத்துக்கும் போவாள். அன்றிலிருந்து வண்டிக்குப் பூட்டு விழுந்தது. பஸ் வரும் நேரத்துக்கு அவள் பொழுது கட்டுப்பட்டது, நூலகம் நின்றது. அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தவறு என்னுடையது, தண்டனை அவளுக்கு.

கட்டு அவிழ்த்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கடைக்காரர் நடந்ததைக் கேட்டுவிட்டு, "முழுசா பிரிச்சுப் பூட்டிடலாம்ண்ணா. இந்தத் தடவை நீங்க சும்மா பாருங்க" என்றார். சும்மா பார்ப்பது கற்றுக்கொள்ள நல்ல வழி என்பது அன்று விளங்கியது.

அவர் முதலில் தண்டைக் குறிக்குள் இறக்கினார். சீட்டை விடக் கைப்பிடி ஓர் அங்குலம் தாழ்ந்து நின்றது. அதனால் ஒரு குறையும் இல்லை. அந்த ஓர் அங்குலத்துக்கு ஆசைப்பட்டுத்தான் நான் எலும்பை முறித்துக்கொண்டேன்.

பிறகு சக்கரங்கள். இந்த வகை வண்டியில் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பிகள்; பின்சக்கரத்துக்கு 40. பின்னால் பாரம் அதிகம் என்பதால் இந்த வேறுபாடு. எல்லாக் கம்பிகளும் எப்போதும் இழுபட்டு நிற்பதால்தான் மெல்லிய ரிம் வட்டம் குலையாமல் இருக்கிறது. ஒரு பக்கத்துக் கம்பிகள் தளர்ந்தால் ரிம் மறுபக்கம் சாயும். அதைத்தான் கோட்டம் என்கிறோம். கம்பியை விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை மந்தமானவற்றை நிப்பிள் சாவியால் கால் சுற்றுக்கு மேற்படாமல் முறுக்கி, எதிர்ப்பக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, அவர் கோட்டம் எடுத்த அழகு வீணைக்குச் சுருதி கூட்டுவது போலிருந்தது.

கோட்டம் எடுத்தது அழகுக்காக அன்று. ராடு பிரேக்கில் ரப்பர்க் கட்டைகள் ரிம்மின் உட்பக்கத்தைப் பிடிக்கின்றன. ரிம் ஆடினால் கட்டைகளை நெருக்கி வைக்க முடியாது. நெருக்கமில்லாத பிரேக் பிந்திப் பிடிக்கும். மழையில் நனைந்த எஃகு ரிம்மில் ரப்பரின் பிடிப்பு வெகுவாகக் குறைந்துபோகும். இதற்கு முழுப் பரிகாரம் இல்லை. மழையில் போகும்போது நிற்கவேண்டிய இடத்துக்கு வெகு முன்னதாகவே பிரேக்கை மெல்லத் தொட்டு, கட்டையினாலேயே ரிம்மைத் துடைத்துக்கொண்டே போகவேண்டும். புதிய கட்டைகள் போட்டோம்.

அச்சுகளைப் பிரித்தபோது உள்ளே கிரீஸ் கறுத்துக் கல்லாகியிருந்தது. பின்சக்கர அச்சில் பக்கத்துக்கு ஒன்பது, கிராங்கு அச்சில் பக்கத்துக்குப் பதினொன்று என்று கால் அங்குலக் குண்டுகள் இருக்கின்றன. குண்டுகளின் விலை சொற்பம். பழையவற்றை மறுபடி போடுவது சிக்கனம் அன்று. கோனை முறுக்கும்போது சக்கரம் ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. சக்கரத்தைத் தூக்கிவிட்டால் வால்வின் எடையே அதைச் சுழற்றிக் கீழே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

முழங்காலுக்கு உண்மையான நிவாரணம் ப்ரீவீலில் கிடைத்தது. கணக்குப் படிக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். என் வண்டியில் முன்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்கு 48 பல். பின்னால் ப்ரீவீலுக்கு 18. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 48-ஐ 18-ஆல் வகுத்த அளவு, ஏறத்தாழ 2.67 சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் இரண்டேகால் மீட்டர். ஆக ஒரு மிதிச் சுற்றுக்கு 6 மீட்டர் ஓடும். சமதரையில் இது வேகமானதுதான். ஆனால் நெரிசலில் நாம் மணிக்கு 12 கிலோமீட்டர்தான் போகிறோம். அந்த வேகத்தில் நிமிஷத்துக்கு 33 சுற்று மட்டுமே மிதிப்போம். மெதுவாகச் சுற்றுகிற கால் ஒவ்வொரு சுற்றிலும் கனமாக அழுத்தியாக வேண்டும்.

ஏற்றத்தில் என்ன ஆகிறது? ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 90 கிலோ என்று கொள்வோம். முப்பது அடிக்கு ஓர் அடி உயரும் சாய்வில் வண்டியை மேலேற்ற மூன்று கிலோ தள்ளுவிசை வேண்டும். சக்கரத்தின் ஆரம் 14 அங்குலம், கிராங்கின் நீளம் 6½ அங்குலம். நெம்புகோல் கணக்குப்படி பெடலில் சராசரியாக 17 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட அழுத்தம் தேவை. இப்போது 18 பல் ப்ரீவீலைக் கழற்றி 22 பல் ப்ரீவீலைப் போடுவோம். அதே ஏற்றத்துக்கு 14 கிலோ போதும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இயற்கை இதை இலவசமாகத் தருவதில்லை. ஒரு மிதிச் சுற்றுக்கு 6 மீட்டருக்குப் பதிலாக 4.9 மீட்டர்தான் ஓடும். கால் சற்று விரைவாகச் சுற்றவேண்டும். நகரத்தில் அது நஷ்டமே அன்று. சேலத்து ஐந்து ரோட்டில் 2020-இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலம் போன்ற ஏற்றங்களில் இந்த நான்கு பற்களின் அருமை தெரியும்.

ப்ரீவீல் பெரிதானதால் பழைய செயின் நீளம் போதவில்லை. பின்சக்கரத்தை அரை அங்குலம் முன்னே தள்ளிச் சமாளிக்கலாம். ஆனால் ராடு பிரேக் வண்டியில் அப்படித் தள்ளினால் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். கடைக்காரர் செயினை அளந்து பார்த்தார். புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். எங்களுடையது அரைக்கால் அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தது. அப்படி நீண்ட செயின் பற்களை அராவிவிடும். புதிய செயினே போட்டோம்.

டயரில் மட்டும் நான் ஒன்றும் மாற்றவில்லை. இந்த வண்டிகளின் ஒன்றரை அங்குல அகலமான டயர் நம் சாலைகளுக்கென்றே செய்தது போன்றது. பின்சக்கரத்தில் 52 கிலோ பாரம் இறங்குகிறது, டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 3½ கிலோ காற்றழுத்தம் இருக்கிறது என்றால், டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 15 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் முகப்பு அளவு. அந்த இத்தனூண்டு இடத்தில் அடைபட்டிருக்கும் காற்றே நமக்கு மெத்தை. கல்லுப்போல் காற்றடித்தால்தான் வண்டி ஓடும் என்று நம்புகிறவர்கள் அந்த மெத்தையைத் தாங்களே பலகையாக்கிக்கொள்கிறார்கள். மிகக் குறைத்தாலோ பள்ளத்தில் ரிம் இடித்து டியூப் கடிபடும். ஆள் ஏறி உட்கார்ந்தால் டயர் சற்றே பிதுங்குவது தெரியவேண்டும், அவ்வளவே.

நூல் கட்டுக்கான பெரிய கேரியரைக் கழற்றிவிட்டு இலேசான ஒன்றைப் பூட்டினோம். அதைக் கழற்றும்போது எனக்கு மனம் சற்றுச் சங்கடப்பட்டது. பாரம் சுமக்கக் கட்டிய வண்டி இனிமேல் ஆளைச் சுமக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். விளக்கும் போட்டேன். என் இளமையில் விளக்கில்லாமல் போனால் போலீஸார் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

மூன்று மாதம் அந்த வண்டியில் கன்னங்குறிச்சிக்குப் போய் வந்தேன். தங்கை ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று ஹேண்டில் பாரைப் பார்ப்பாள். ஒருநாள் தண்டில் நான் சிவப்புச் சாயத்தால் இட்டிருந்த கோட்டைக் காட்டி, இது குழாய்க்கு வெளியே தெரிந்தால் வண்டியைத் தொடாதே, தெரியாதவரையில் பயமில்லை என்று சொன்னேன். அவள் வெகுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தாள்.

அந்தப் பெண்ணின் வண்டியில் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவேண்டியிருக்கவில்லை. சீட் அடிமட்டத்தில் இருந்தது. அவளுடைய கால் அளவு 28 அங்குலம், ஆகவே சீட் முப்பதரை அங்குலத்தில் இருக்கவேண்டும், இருந்தது 28. "மிதிச்சா கால் வலிக்கும் மாமா, சொன்னா வண்டியே வேண்டாம்னுடுவாங்கன்னு சொல்லலை" என்றாள். ஐந்து வாரத்தில் அரை அரை அங்குலமாக உயர்த்தினோம். சீட் குழாய்க்கும் உள்ளே இருக்கவேண்டிய அளவு உண்டு. அதற்கும் ஒரு சிவப்புக் கோடு இட்டாள்.

ஆறாவது வாரம் நான் போனபோது வண்டி தலைகீழாக நின்றது. இடப்பக்கப் பெடல் ஆடுகிறதாம். கழற்றிக் குண்டு மாற்றப் போகிறாளாம். சாவியைப் போட்டு வழக்கம்போல் இடமாகத் திருப்பித் திருப்பிக் கை சிவந்து போயிருந்தாள். இடப்பக்கப் பெடலுக்கு இடமரை என்பதை அவளுக்குச் சொல்ல நான் மறந்திருந்தேன். ஒரு பென்சிலை எடுத்து விரல் வளையத்துக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் நுனியை வட்டமாகச் சுற்றச் சொன்னேன். பென்சில் எதிர்த்திசையில் உருண்டது. பெடலின் அச்சும் மிதிக்க மிதிக்க இப்படித்தான் மரைக்குள் எதிர்த்திசையில் உருளப் பார்க்கும். இடப்பக்கத்தில் சாதாரண மரை இருந்தால் ஓட ஓடக் கழன்றுவிடும். 1903-இல் விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் அதற்கு முன் சைக்கிள் செய்து விற்றவர்கள். தங்கள் வண்டியின் பெடலுக்கு இடமரை இட்டிருப்பதை ஒரு சிறப்பாகவே விளம்பரப்படுத்தியவர்கள்.

"அப்போ எந்தப் பக்கம் திருப்பணும் மாமா?"

"வண்டியை நேரா நிறுத்தி, சாவியைப் பெடலுக்கு மேலே நிக்கிற மாதிரி போடு கண்ணு. எந்தப் பெடலானாலும் சரி, பின்சக்கரத்துப் பக்கம் தள்ளினா கழலும்."

வண்டியை நிமிர்த்தினாள். நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் சாவியின் மேல் இரண்டு கையையும் வைத்துப் பின்னோக்கித் தள்ளினாள். பெடல் ஒரு முனகலோடு இளகிற்று. தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, கிரீஸ் கையோடு யாரும் உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.